ஏழு பெட்டிகளின் சூடு

கூனிமுனையில் வீட்டுக்கு வெளியே அடும்புக்கொடியைத் தவிர எதுவும் பிழைக்காது. காலையில் நட்டதைச் சாயங்காலத்துக்குள் உப்புக்காற்று வந்து தின்றுவிட்டுப் போகும், மறுநாளும் வரும், அதனால் அந்த ஊர்க்காரர்கள் கொத்தமல்லித் தழையைக்கூட பஸ்ஸில் வந்து இறங்குகிற பொருளாகவே பார்த்துப் பழகியிருந்தார்கள். விசைப்படகு டிரைவர் ததேயுவின் மனைவி பெர்னத்து, வீட்டுக்குள்ளேயே கீரை போடப் போகிறேன் என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை என்று இன்றைக்கு எல்லோரும் சாதிக்கிறார்கள். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான் அந்த ஊர் துணைச் சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷமாக நர்ஸ். ஊசி போடுவதும் காய்ச்சல் பார்ப்பதும் என் வேலை, ஆகவே இந்தக் கதையில் எங்கே டிகிரி வந்தாலும் அதை நம்பலாம், மற்றதை உங்கள் இஷ்டம்போல வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிடித்துக்கொண்டது வலை அறையை. எட்டடிக்குப் பத்தடி, ஜன்னல் கிடையாது, கூரையோரம் ஒரு காற்றுத்துளை மட்டும் உண்டு. மீன் ஏற்றுகிற தெர்மோகோல் பெட்டிகளில் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி வெந்தயம் விதைத்தாள். வெளிச்சத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியே எழவில்லை, ஏனென்றால் ஊரில் கட்டிலுக்குக் கட்டில் அடியில் கணவாய் விளக்குகள் கிடந்தன. கடலில் வெளிச்சம் காட்டிக் கணவாய் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு படகுகளிலிருந்து இறக்கிய விளக்குகள் அவை. ஆழத்தில் கிடக்கிற கணவாயையே மேலே இழுத்துக்கொண்டு வருகிற வெளிச்சம் ஒரு விரற்கடை மண்ணுக்குள் கிடக்கிற வெந்தயத்தையா இழுக்காது என்று ததேயு சொன்னான், ஊரே ஆமாம் என்றது, கணவாய்க்கு எது ராசியோ அந்தப் பச்சை விளக்கையே அவன் தன் கையால் கட்டித் தொங்கவிட்டான். முளைகள் வந்தன, வெளுத்து, கழுத்தை நீட்டி நீட்டி, நிற்கத் தெம்பில்லாமல் நாலாம் நாள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அடுத்து ஐந்நூறு வாட் ஹாலஜனைக் கட்டினார்கள், அது இரண்டே நாளில் எல்லாவற்றையும் வறுத்துவிட்டது. செடி மீன் இல்லை என்கிற விஷயம் கூனிமுனைக்கு அப்படித்தான் தெரியவந்தது.

பெர்னத்து விடுகிறவள் இல்லை. வெள்ளை எல்இடி டியூப் ஒன்றை வாங்கி ஒரு சாண் உயரத்தில் கட்டினாள், பகலெல்லாம் எரியவிட்டு செடிக்கும் தூக்கம் வேண்டும் என்று மீதி நேரம் அணைத்தாள், சின்ன மேசை விசிறியைச் செடிமேல் விடாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி, சுவரில் பட்டுத் திரும்புகிற காற்று மட்டும் இலையைத் தொடும்படி வைத்தாள். சூடு பார்க்க அவளிடம் கருவி ஒன்றும் இல்லை. புறங்கையை இலையின் உயரத்தில் விளக்கைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்வாள், செபம் முடியும்வரை கை பொறுத்தால் சரி, நடுவில் இழுத்துக்கொண்டால் விளக்கை நாலு விரல் ஏற்றிக் கட்டுவாள். ஐப்பசியில் அந்த வீட்டில் வெந்தயக்கீரைக் குழம்பு வைத்தார்கள், ததேயு அதை ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டுபோய் தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்த பிறகுதான் சாப்பிட்டான்.

கார்த்திகையில் ததேயுவும் ஆறு பேரும் தங்குகடலுக்குப் போனார்கள், பத்து நாள் கழித்து வருவதாகச் சொல்லிப் போன கடலில் நாலாம் நாள் புயல் வந்தது. மற்றப் படகுகள் எந்தெந்தத் துறைமுகத்திலோ ஒதுங்கிக் கரை சேர்ந்தன, அந்த ஒரு படகைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. தேடினார்கள், விமானம்கூடப் போய் வந்தது. பிறகு ஏழு பெயருக்கும் எதிரில் 'காணவில்லை' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லுக்கு அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது, ஏழு வீட்டிலும் அடுப்பு எரிந்தும் எரியாமலும் கிடந்தது.

அந்த நாட்களில் பெர்னத்துவுக்கு டியூப் வெளிச்சம் பொறுக்கவில்லை. வலை அறையில் முன்பே இருந்த பழைய நாற்பது வாட் குண்டு பல்பைப் போட்டாள். கரையில் இருக்கிற நாட்களில் ததேயு அந்தப் பல்புக்குக் கீழேதான் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவான். மறுநாள் அவள் பெட்டி மண்ணைத் தொட்டபோது சுட்டது. பல்புச் சூடு என்று நினைத்து அணைத்தாள். மத்தியானம் தொட்டாள், சாயங்காலம் தொட்டாள், வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது, சுவரெல்லாம் ஈரத்தில் குளிர்ந்து கிடந்தது, மண் மட்டும் அதே சூட்டில் இருந்தது. பதினாறு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அது என்ன சூடு என்று தெரியாதா. அவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள், வைத்தியத்துக்கு அல்ல, சாட்சிக்கு.

நான் தெர்மாமீட்டரை உதறி, வேரைக் குத்திவிடாமல் மண்ணில் செருகி, இரண்டு நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. மறுநாள் விடியலில் பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது, சாயங்காலம் கொஞ்சம் ஏறியிருந்தது. மனுஷ உடம்பு அப்படித்தான் ஏறி இறங்கும்.

"ஆளு இருக்காவ" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நீங்க ஊருக்குச் சொல்லுங்க" என்றாள் பெர்னத்து.

சொன்னேன். ஊர் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட ஊருக்கு நேரம் இல்லை, மீதி ஆறு வீட்டுப் பெண்களும் அன்றைக்கே ஆளுக்கொரு தெர்மோகோல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். விதைப்பது சுலபமாக இருந்தது, விளக்கைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எந்த விளக்கென்றாலும் வெந்தயம் முளைத்தது, ஆனால் எந்த விளக்குக்குக் கீழே அந்த ஆள் மனசு ஒட்டி இருந்தானோ அந்த விளக்கு எரிந்தால்தான் மண்ணில் சூடு வந்தது. அந்த ஏழு பேரில் ஒருவனான பவுலின் அம்மா, அலங்காரம் என்பவள், ஹால் விளக்கை வைத்துப் பார்த்தாள், சாமி படத்து சீரியல் விளக்கை வைத்துப் பார்த்தாள், மூன்றாம் நாள் குளியலறைப் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"சிரிக்காதிய. எம் மவன் போனை எடுத்துட்டு உள்ள போனாம்னா ஒரு மணிக்கூறு ஆவும். வீட்டுல அவன் நிம்மதியா இருந்த எடம் அதான்."

அதற்குச் சூடு வந்தது, யாரும் சிரிக்கவில்லை. சிலுவை என்பவனுடைய வீட்டு விளக்கு நாலும் தோற்றுப்போய், கடைசியில் கேரம் கிளப்பில் பலகைக்கு மேலே தொங்குகிற பல்பைக் கொண்டுவந்து மாட்டினார்கள், மாட்டின அன்றைக்கே மண் சுட்டது. சிலுவையின் மனைவி பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டு வெளக்கு எதுலயும் வராதவுக கேரம் கிளப்பு பல்புல வந்திருக்காவ. இருக்கட்டும். உசுரோட வரட்டும், நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

ஏழு பேரிலும் இளையவன் ரெமீஜியான். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. அவன் மனைவி ஜெனோவா வயிற்றுப் பிள்ளையோடு வந்து, சேலை முந்தியில் பொதிந்து வைத்திருந்த சின்ன நீல விடிவிளக்கை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் பெர்னத்து கையில் கொடுத்தாள். அலங்காரம்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த விளக்கு வெந்தயத்துக்குப் போதாது என்று பெர்னத்து பகலில் டியூபையும் நீல விளக்கையும் சேர்த்து எரியவிட்டாள், மூன்றாம் நாள் முளை வந்தது, முளையோடு சூடும் வந்தது.

ஊர் அந்த அறையை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். பங்குச்சாமியார் ஒருநாள் வந்தார், மந்திரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, ததேயுவின் பெட்டியில் கையை வைத்தவர் எடுக்க மறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அந்த ஏழு பெயரும் இறந்தோருக்கான மன்றாட்டில் வரவில்லை, நோயாளிகளுக்கான மன்றாட்டில் வந்தன. விவரம் எழுத வந்த அதிகாரி, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். வலை அறையில் என்று ஏழு பெண்களும் சொன்னார்கள். அவர் பேனாவை மூடி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஏழு பெட்டியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டார். பள்ளிக்கூடம் விட்டுவருகிற பிள்ளைகள் காற்றுத்துளைக்கு நேராக வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்கள், உள்ளே அப்பாமார் தூங்குகிறார்கள் என்று.

ஏழு ஆண்களின் சூட்டை எட்டடிக்குப் பத்தடி அறை தாங்காது. சுவர் வியர்த்தது, இலைகள் வாடின, விசிறி வைத்தால் கடலில் இருக்கிறவர்களுக்குக் குளிருமே என்று பெண்கள் பதறினார்கள். பெர்னத்து ஒவ்வொருத்திக்கும் சொல்லிச் சொல்லி, விசிறியைச் சுவரைப் பார்த்தே ஓடவிட்டு, காற்றுத்துளையைப் பெரிதாக இடித்து, பெட்டிகளைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றி வைத்தாள். ஐஸ் பேக்டரியிலிருந்து தினம் இரண்டு கட்டி வந்தது, யார் சொல்லி அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது, அதைச் சாக்கில் சுற்றி மூலைகளில் வைத்தார்கள். ஒரு சாயங்காலம் சிலுவையின் பெட்டி நூற்றொன்று காட்டியது. பெண்கள் பெட்டியைச் சுற்றி ஈரத்துணி போட்டு மாற்றி மாற்றி நனைத்தார்கள், விடியலில் இறங்கிவிட்டது. அன்றைக்கு அவர்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன், ஏனென்றால் கடலுக்குப் போன ஆணுக்குக் கரையில் இருக்கிற பெண் செய்ய முடிந்ததெல்லாம் அதுவரை காத்திருப்பது ஒன்றுதான்.

பிறகு அவர்களில் சூசை என்பவனின் பெட்டி ஆறியது. அலங்காரம், பிள்ளைகளுக்குத் தாகமாக இருக்குமே என்று தன் மகன் பெட்டிக்கும் பக்கத்தில் இருந்த சூசையின் பெட்டிக்கும் இரண்டு தரம் தண்ணீர் ஊற்றியிருந்தாள். பவுலின் பெட்டி வடித்துவிட்டது, சூசையின் பெட்டியில் ஓட்டை அடைத்துக்கொண்டு வேர் அழுகிவிட்டது, சாயங்காலம் மண் சில்லென்று ஆகிவிட்டது. மறுபடி விதைத்தார்கள், விளக்கைத் துடைத்து மாட்டினார்கள், செடி வந்தது, சூடு வரவில்லை. சூசை போனதால் செடி அழுகியதா, செடி அழுகியதால் சூசை போனானா, இதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது, செடி பட்டுப்போனால் சூடு பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. பெட்டியை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் பார்த்தார்கள், வாசற்படி தாண்டும்போதே சூடு குறைந்தது, பயந்துபோய்த் திரும்ப வைத்துவிட்டார்கள். இருக்கிற ஆண்களை அந்த ஓர் அறையில் வைத்துத்தான் காப்பாற்றியாக வேண்டும் என்று ஆயிற்று.

மார்கழி பிறந்த வாரத்தில் விடாமல் மழை. ஒரே வாரத்தில் மூன்று பெட்டிகள் ஆறின, சிலுவையுடையதும் அதில் ஒன்று. அவன் மனைவி கேரம் கிளப்பு பல்பைக் கழற்றித் துடைத்து, தானே நடந்துபோய் கிளப்பில் கொடுத்துவிட்டு வந்தாள். கிளப்பில் அன்றிலிருந்து கேரம் ஆடவில்லை. அடுத்து பவுல். அலங்காரம் அழவில்லை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே இருந்தாள், பிறகும் தினம் வந்தாள், தன் பெட்டி ஆறிவிட்டாலும் மற்ற இரண்டு பெட்டிக்கு விசிறிக்கொண்டிருக்கலாம் என்று வந்தாள். ஆறிப்போன ஐந்து வீட்டுப் பெண்களும் அப்படித்தான் வந்தார்கள். ததேயு இருக்கிறான், டிரைவர் இருந்தால் படகு இருக்கும், படகு இருந்தால் ஆறின பெட்டிகள் பொய் சொல்லியிருக்கலாம். இதுதான் அவர்கள் கணக்கு, இதை வாய்விட்டும் சொன்னார்கள்.

பவுல் போய் நாலு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் டெம்பரேச்சர் பார்க்கப் போனேன். பெர்னத்து மட்டும் இருந்தாள். ததேயுவின் பெட்டிக்கு மேலே நாற்பது வாட் பல்பு இல்லை, பழைய ஹாலஜன் இருந்தது, உயரத்தில் கட்டி, தகரத்தால் மறைப்பு வைத்து. கரண்டு போயிற்று. கூனிமுனையில் கரண்டு போவது புதிதல்ல, வரும் என்று உட்கார்ந்திருந்தோம். அரை மணிநேரம் ஆயிற்று. ஜெனோவாவின் பெட்டியில் வைத்தேன், தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. உதறி ததேயுவின் பெட்டியில் வைத்தேன், பாதரசம் அசையவே இல்லை.

"பெர்னத்து, பெட்டி ஆறிட்டு."

"தெரியும்."

"எப்பம்?"

"வியாழக்கெழம வெள்ளன. நான் வந்து தொட்டேன், இல்ல. அதான் அதக் கட்டுனேன்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "எழுதிராதிய நர்சம்மா. இப்பம் அவிய எனக்கு மட்டுந்தான் செத்திருக்காவ. ஊருல எல்லார்கிட்டயும் உசுரோட இருக்காவ. நான் அணச்சா எங்கயுமே இருக்க மாட்டாவ."

நான் எழுதவில்லை. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினேன். டிகிரியை நம்பலாம் என்று ஆரம்பத்தில் சொன்னேன், பன்னிரண்டு நாட்களைத் தவிர என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் செய்ததை வேறு யாராலும் செய்திருக்க முடியாது. விடியலில் ஹாலஜனை இரண்டு விரல் ஏற்றுவாள், சாயங்காலம் இரண்டு விரல் இறக்குவாள், மனுஷ உடம்பு போலவே அந்த மண் ஏறி இறங்கிற்று. ஹாலஜனில் செடி கருகாமல் இருக்கத் தகரத்தைச் சாய்த்து வெளிச்சத்தை மண்ணுக்கும் சுவருக்கும் திருப்பினாள். மழைக்குளிரில் ததேயுவுக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்த விளக்கைக் கட்டியிருக்கிறாள் என்றே எடுத்துக்கொண்ட பெண்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். செய்தவளைக் கண்டிக்க எனக்கு வாய் இல்லை, நானும் போய் அந்த மண்ணைத் தொட்டேன், தெரிந்தும் தொட்டேன், எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆனால் சூட்டுக்கு யார் செய்த சூடு என்ற வித்தியாசம் கிடையாது, ஒரு பெட்டிக்காக எரிகிற ஐந்நூறு வாட் அறை முழுக்க நிறைந்தது. மழை விட்டு வெயிலும் வந்தது. நாலைந்து நாளில் ஜெனோவாவின் வெந்தயம் இலையை மடித்துக்கொண்டது, ஓரம் பழுத்தது. தெர்மாமீட்டர் நூறு காட்டியது, பிறகு நூற்றொன்றரை, பிறகு நூற்று மூன்று. காய்ச்சல் என்றார்கள் பெண்கள், ஈரத்துணி போட்டார்கள். ஐஸ் கட்டி நாலாயிற்று. விசிறியின் வேகத்தைக் கூட்டினால் ததேயுவின் பெட்டி ஆறுகிறது என்று பெர்னத்து குறைத்தாள், அவள் குறைத்ததை யாரும் தப்பாக எடுக்கவில்லை, அவள் புருஷன் ஆயிற்றே. ஜெனோவா எட்டு மாதத்து வயிற்றோடு பகல் முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

"எக்கா" என்றாள் ஒருநாள் பெர்னத்துவிடம், வீசுவதை நிறுத்தாமல். "ஒங்க பெட்டி சொகமா இருக்குல்லா, அது போதும் எனக்கு. அண்ணன் பக்கத்துல இருக்கையில இவியள விட்டுர மாட்டாவ."

பெர்னத்து வெளியே வந்து முற்றத்தில் நின்றாள். நான் அவள் பின்னால் போய், மெதுவாகத்தான் சொன்னேன்.

"அந்தச் செடி இன்னும் ரெண்டு நாள் தாங்காது."

"ஒரு விசிறி கூட வச்சா?"

"நீயே கைய வச்சுப் பாரு."

பெண்கள் ஏழெட்டுப் பேர் அறையிலும் வாசலிலுமாக இருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி. பெர்னத்து உள்ளே போய் ஜெனோவாவின் செடி உயரத்தில் புறங்கையை ஹாலஜன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினாள். உதடு அசைவது தெரிந்தது. பாதியில் நின்றது. கையை இழுத்துக்கொள்ளவில்லை, செபம்தான் நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், புறங்கை சிவந்துகொண்டே வந்தது, பிறகு திரும்பி, பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏளா, என்ன செய்ய?" என்றாள் அலங்காரம். "ததேயு குளுந்துருவானே."

"குளுந்து பன்னெண்டு நாளாச்சு. இது வெளக்குச் சூடு. நான் போட்டது."

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ததேயுவின் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள், கைக்குக் கீழேயே மண் ஆறியது, ஆறுகிற மண்ணிலிருந்து கையை எடுக்கவும் அவர்களால் முடியவில்லை. ஐந்து பெட்டி முன்பே ஆறிப்போயிருந்தாலும் அந்த ஐந்து ஆண்களும் அன்றைக்குத்தான் செத்தார்கள் என்று சொல்ல வேண்டும். அலங்காரம் எழுந்து வந்து பெர்னத்துவின் கன்னத்தில் அறைந்தாள்.

"எம் மவனயும்லா இத்தன நாளு உசுரோட வச்சிருந்த" என்றாள். அடித்த கையாலேயே அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஊர் அதுவரை அழாமல் வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அதைத் தாங்கிக்கொண்டு நிற்க முடியாமல் நான் போய் விசிறியை முழு வேகத்தில் வைத்தேன், அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

பெர்னத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "கோயில்ல சொல்லுங்க. ததேயுவுக்கு மணி அடிக்கட்டும்."

துக்க மணி அடித்தது. ஒரு பெயருக்கு அடிக்கத் தொடங்கி ஆறு பெயருக்கும் அடித்தார்கள். மணி ஓய்ந்தபோது ஜெனோவாவின் பெட்டி நூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது, விளக்கு வைக்கிற நேரத்தில் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. இரண்டு முறை உதறிப் பார்த்துத்தான் எழுதினேன். ஒரு வாரத்தில் அந்தச் செடியில் புது இலை வந்தது.

ரெமீஜியான் மாசியில் வந்தான். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று அவனைக் கடலில் கண்டு ஏற்றிக்கொண்டுபோய், பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, காகிதமெல்லாம் சரியாகி அனுப்ப அத்தனை நாள் ஆகிவிட்டது. கரைக்கு ஊரே போயிற்று. பிறந்து இருபது நாளான மகளை ஜெனோவா அவன் கையில் கொடுத்தாள், அவனுக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெம்பில்லை, அவள் கையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. பெர்னத்து கூட்டத்தில் இருந்தாள், பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவன் பெர்னத்துவைப் பார்க்கப் போனான். அவனால் தனியாக நடக்க முடியாததால் நானும் கூடப் போனேன். அவள் தண்ணீர் கொடுத்தாள், குடித்தான், டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னான். எஞ்சின் நின்றது, படகு முறிந்தது, மேல்தளத்தில் கட்டியிருந்த ஃபைபர் வள்ளத்தில் ஏறினது, மழைத் தண்ணீரைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்தது, ஒவ்வொருவராகப் போனது. கடைசியில் அவனும் ததேயுவும் மட்டும்.

"ஒரு வெள்ளனத்துல அண்ணன் போயிட்டாவ மதினி. எந் தோளுலதான் சாஞ்சிருந்தாவ. நெஞ்சுல காத வச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. மத்தவியளக் கடலுல விட்ட மாதிரி ஜெவம் சொல்லி விட்டுருவோம்னு தூக்குனேன். ஒடம்பு சுடுது."

பெர்னத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு இல்ல, ஆனா சூடு இருந்துச்சு. செரி, கொஞ்சம் பொறுப்போம்னு வச்சேன். மறுநாளும் சுட்டுச்சு. கெடவும் இல்ல, வெறைக்கவும் இல்ல. எனக்கோ குளிரு, பல்லு கிட்டிக்கிடும். அண்ணன் முதுகுல ஒட்டிப் படுத்துக்கிட்டேன். எத்தன நாளுன்னு கணக்கு இல்ல, பத்துக்கு மேல இருக்கும். அந்தச் சூடு இல்லாட்டா நான் ரெண்டாம் நாளே போயிருப்பேன். அப்பறம் வெயிலு வந்துச்சு, எனக்குக் காய்ச்சலு, அண்ணன் ஒடம்போ நெருப்பா கொதிக்கி. பக்கத்துலயும் இருக்க முடியல, விடவும் முடியல. இதுலயே நானும் எரிஞ்சு போயிருவேன்னு நெனச்சேன். ஒருநா மத்தியானம் சாஞ்சு, சட்டுனு அண்ணன் குளுந்துட்டாவ. அன்னைக்கு விட்டேன். கொஞ்ச நேரத்துல எனக்கும் காய்ச்சல் எறங்கிட்டு. பொழுது அடையதுக்குள்ள கப்பல் வந்துச்சு."

அவன் அழுதான். செய்யக்கூடாததைச் செய்தவன் போலக் குனிந்து அழுதான்.

"செத்தவியள அத்தன நாளு வச்சிருந்தது தப்புதான், என்னைய மன்னிச்சிருங்க. சூடு இருக்கையில விட எனக்கு மனசு வரல, மதினி."

பெர்னத்து அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எனக்கும் வரல, தம்பி" என்றாள்.